செத்த சுண்ணாம்பு

விழட்டும். நடுமண்டையில் விழட்டும். முதலில் வளைவின் உச்சியில் இருக்கிற சாவிக்கல், பிறகு அதன் இடமும் வலமும், அப்புறம் மொத்தமும் பொலபொலவென்று. அவன் அண்ணாந்து பார்ப்பதற்குள் வாய்க்குள் ஒரு செங்கல் போயிருக்கவேண்டும். தணிகாசலம். புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்பார்கள். வாயால் எங்கே சொன்னேன், மனசுக்குள்தானே சொல்லுகிறேன், தணிகாசலம், தணிகாசலம், ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கல். டிக்கெட் கூடத்து மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மணல் சலிக்கிறேன். இன்றைக்கு யாருக்கும் மணல் தேவையில்லை. கைக்கு ஒரு வேலை வேண்டும், அதனால் சலிக்கிறேன். சனங்கள் என்னைத் தாண்டிக்கொண்டு ஓடுகிறார்கள், பெட்டிச் சக்கரங்கள் தடதடவென்று போகின்றன, ஒருத்தி என் முந்தானையை மிதித்துவிட்டு “பாத்து உக்காரக் கூடாதா” என்று என்னையே திட்டிவிட்டுப் போகிறாள். போடி, போ. கயிறு கட்டியிருக்கிற பக்கம் மட்டும் போகாதே. அந்தப் பக்கம் இன்றைக்கு ஒருத்தன் சாகப்போகிறான், நான் கலந்த கலவையில்.

எல்லாரும் இந்த ஸ்டேஷனை அழகு என்கிறார்கள். கேமராவோடு வருகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். சிவப்புச் செங்கல், நடுநடுவே வெள்ளைக் கல் பட்டை, வளைவுக்குப் பின்னால் வளைவு, வளைவின் இரண்டு தோளிலும் சிங்கத்தலை, கலர் கண்ணாடி வழியாகத் தரையில் விழுகிற நீலமும் சிவப்பும், கப்பலில் கொண்டுவந்து நிறுத்திய இரும்புத் தூண்கள், தூணின் தலையில் நம் ஊரில் முளைக்காத ஏதோ இலைக்கொத்து. எனக்கு அழகு தெரியாமல் இல்லை. ஆனால் சாரத்தில் ஏறிச் சுரண்டிப் பார்த்தவளுக்கு இன்னொன்றும் தெரியும். அழகு என்று அவர்கள் சொல்வதெல்லாம் தலைக்கு மேலே நிற்கிற பாரம். ஒரு கல் இன்னொரு கல்லின் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறது, அது அடுத்ததை நெரிக்கிறது, அந்த நெரிப்பில்தான் ராணி காலத்திலிருந்து இது நின்றுகொண்டிருக்கிறது. வெளியில் பார்க்கிறவனுக்கு என்ன தெரியும். எங்கள் வீட்டையும் நல்ல குடும்பம் என்றுதான் சொல்கிறார்கள், மேஸ்திரி, மேஸ்திரி சம்சாரம், பத்தாவது படிக்கிற பெண் வெண்ணிலா. இடதுபக்கச் சிங்கத்துக்குக் கீழ்த்தாடை இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கை தானாகத் தாடைக்குப் போகும். வெண்ணிலா கைக்குழந்தையாக இருந்தபோது அவன் பெயர்த்த தாடை, இன்னமும் ஒரு பக்கமாகத்தான் மெல்லுகிறேன். சிங்கத்துக்குப் புதுத்தாடை வைக்க இன்ஜினியர் ஆள் வரவழைக்கப்போகிறாராம். சிங்கத்துக்குக் கொடுத்துவைத்திருக்கிறது.

கூடத்திலிருந்து முதல் பிளாட்பாரத்துக்குப் போகிற வழியில்தான் பெரிய வளைவு. மழைநீர் இறங்கி உச்சி வெடித்துப்போயிருந்தது. இன்ஜினியர் பிரபாகர் உச்சிப்பகுதியை மட்டும் பிரித்துக் கட்டச் சொன்னார், பழையபடி சுண்ணாம்பில், சிமெண்ட் வாசனையே கூடாது என்று. கீழே வளைந்த மரச்சட்டம் கொடுத்து, சட்டத்தைச் சவுக்குக் கம்புகளில் நிறுத்தி, கம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆப்பு அடித்து, அதன்மேல் தணிகாசலம் கல்லை அடுக்கினான். கலவை அஞ்சலாட்சி. அதாவது நான். இன்றைக்கு அந்தச் சட்டத்தை இறக்குகிற நாள். எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சட்டத்தை இறக்கும்போது சாவிக்கல் வைத்தவன் வளைவுக்கு நேர் கீழே போய் நிற்கவேண்டும். யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை ஆரம்பித்துவைத்தது என்பார்கள், நல்லா கட்டியிருந்தா நில்லு, இல்லாட்டி செத்துப்போ என்று. துரை கப்பலேறிவிட்டான், வழக்கம் ஏறவில்லை. கற்பூரமும் எலுமிச்சம்பழமும் சேர்ந்துகொண்டு அது சாமி காரியமாகவே ஆகிவிட்டது. தணிகாசலத்துக்கு இந்த வழக்கம் என்றால் உயிர். கையைக் கட்டிக்கொண்டு, மீசையை முறுக்கி விட்டு, காலை அகட்டி நிற்பான். ஆப்பு ஒவ்வொன்றாகக் கழலும், சட்டம் இறங்கும், கல் அப்படியே நிற்கும், எல்லாரும் கை தட்டுவார்கள். போன வருஷம் பார்சல் ஆபீஸ் வளைவில் நின்றபோது எடுத்த போட்டோவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறான். அந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டே சோறு தின்ற ஒரு ராத்திரியில்தான் எனக்குத் தோன்றியது. ஒரு தடவை மட்டும் கல் நிற்காமல் போனால். தோன்றியதும் சோறு இறங்கியது, நன்றாக இறங்கியது, இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

சுண்ணாம்பு சாகும் என்பது பாதிப்பேருக்குத் தெரியாது. குழியில் தண்ணீருக்கடியில் இருக்கிறவரைக்கும் அதற்கு உயிர் உண்டு. காற்றுப் பட்டுவிட்டால் செத்தது. குழியின் ஓரத்தில் காய்ந்து அப்பிக்கிடக்கும், அதை இடித்துச் சலித்துக் கடுக்காய்த் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் உயிருள்ளதைப் போலவே வெள்ளை வெளேரென்று இருக்கும், பூசினால் ஒட்டிக்கொண்டாற்போல் நடிக்கும், ஆனால் பிடிக்காது. எத்தனை நாள் ஆனாலும் மாவு மாவுதான். உச்சிக்கல் வைத்த அன்றைக்கு நான் அதைத்தான் சட்டியில் எடுத்துக்கொண்டு சாரம் ஏறினேன். “என்னாடி இம்மா நேரம்” என்று கரணையால் சட்டியைத் தட்டினான். கொடுத்தேன். பாவம் புண்ணியம் பார்த்தேனா என்றால், பார்க்கவில்லை. வெண்ணிலாவின் காதைத்தான் பார்த்தேன். ரேடியோவைச் சத்தமாக வைத்தாளாம், அதற்கு மணியாசு கட்டையால் காதோடு சேர்த்து அடித்தான், சுவர் பூசித் தேய்க்கிற கட்டையால் பெற்ற பெண்ணை. காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கிப் பள்ளிக்கூடச் சட்டைக் காலரில் நின்றது. டாக்டரம்மா இடது காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு இனி இந்தப் பக்கம் கேட்காது என்றாள். அன்றிலிருந்து பேச ஆரம்பித்தாலே “என்னா?” என்கிறாள். “என்னா? ம்மா, இந்தப் பக்கம் வந்து சொல்லு.” ஒரு நாளைக்கு எத்தனை என்னா. என்னை அடித்ததற்கெல்லாம் நான் கணக்கு வைக்கவில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அணைத்ததை நான் பார்த்ததே இல்லை, அந்தக் கை அடுத்து எங்கே போகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியாது. கை தெரியும். இடுப்பில் இருக்கிறதா, தலையைச் சொறிகிறதா, டம்ளரை எடுக்கிறதா, டம்ளரை எறியப்போகிறதா. கல்லானாலும் கணவன் என்றார்கள், சரி, கல்லாலேயே போகட்டும்.

இப்போதும் கையைத்தான் பார்த்தேன். தண்ணீர் குடிக்க வந்தான், சொம்பை நீட்டினேன், வாங்கின கையின் கட்டைவிரல் நகத்துக்குள் வெள்ளை. சலிக்கிற சல்லடை நின்றுவிட்டது. கொத்தனார்கள் ஒட்டுப் பிடித்ததா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தால்தான் சுரண்டுவார்கள். பிடித்த சுண்ணாம்பு நகத்தைத் தேய்க்கும், நகத்துக்குள் ஏறாது. காலையிலேயே சாரத்தில் ஏறிச் சுரண்டியிருக்கிறான். மாவு வந்திருக்கிறது. தெரிந்துவிட்டது. இப்போது இன்ஜினியரிடம் போவான், பிரிக்கச் சொல்வான், வீட்டுக்குப் போனதும் என்னைப் பிரிப்பான், தாடை, விலா, எதில் ஆரம்பிப்பானோ, வெண்ணிலா குறுக்கே விழுவாள், அவளுக்கு இன்னும் ஒரு காதுதான் இருக்கிறது. அவன் தண்ணீரைக் குடித்தான். வாயைத் துடைத்தான். ஒன்றும் சொல்லவில்லை. இன்ஜினியரைத் தாண்டித்தான் போனான், அங்கேயும் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொன்னால் தணிகாசலம் மேஸ்திரி கட்டினது பிடிக்கவில்லை என்று ஊர் சிரிக்கும், அதனாலா? அப்படியானால் நிற்பானா? தெரிந்தே போய் அதன் கீழே நிற்கிற அளவுக்கு ரோஷமா அவனுக்கு? ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவன்மேல் எனக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. மரியாதை என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. மடையா, போகாதே என்று கத்திவிடுவேனோ என்றுகூட பயந்தேன்.

கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். தேசிங்கு சுத்தியலோடு நிற்கிறான். நல்ல ஆள், மரச்சட்டம் அடிக்கிறவன், என்னை அக்கா என்பான், என் முகத்தில் காயம் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வான். இன்ஜினியர் பிரபாகர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். “மேஸ்திரி, எக்ஸ்பிரஸ் வர்றதுக்குள்ள இறக்கிடணும். அந்தக் கூட்டத்த இந்த வழியாத்தான் விடப்போறாங்க, ஸ்டேஷன்ல சொல்லிட்டாங்க.” தணிகாசலம் மீசையைத் தடவினான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். சிரித்தான். “எத்தன நாளிக்கு நானே நிக்கிறது சார். கலவ எம் பொஞ்சாதி கலந்தது. அவ நிக்கட்டும், அவளுக்கும் ஒரு போட்டோ புடிங்க.” ஆட்கள் சிரித்தார்கள். பிரபாகரும் “ஓ, லேடீஸ் ஃபர்ஸ்ட்டா” என்று சிரித்தார். தேசிங்கு மட்டும் சிரிக்கவில்லை. “ஏன்டி முழிக்கிற. போடி.” கட்டைவிரலை நகத்தோடு உள்ளங்கைக்குள் மடித்து வைத்திருந்தான். அடப்பாவி. தெரிந்து சொல்லுகிறான். விழும் என்று தெரிந்து, என்னை அனுப்புகிறான். சற்றுமுன் வந்த மரியாதை எச்சிலாக வாயில் ஊறியது, அவன் முகத்தில் துப்பியிருக்கவேண்டும், விழுங்கினேன். நான் நிற்கமாட்டேன் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பார்கள். வாயைத் திறந்தால் கொலைகாரி. திறக்காவிட்டால் பிணம். நான் செத்தால் வெண்ணிலா அவனோடு தனியாக. இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கால்கள் நடந்துகொண்டிருந்தன. என் கால்களை என்ன சொல்ல. அவன் போடி என்றால் போகிற கால்கள், எத்தனை வருஷப் பழக்கம், மூளையைக் கேட்டா நடக்கின்றன. கயிற்றைக் குனிந்து தாண்டி வளைவுக்குக் கீழே வந்து நின்றிருந்தேன்.

கீழிருந்து பார்த்தால் வளைவு வேறு மாதிரி இருக்கிறது. வாய் மாதிரி. செங்கல் பல், நடுவில் சாவிக்கல், அதற்கடியில் மரச்சட்டம். டொக். தேசிங்கு முதல் ஆப்பைத் தட்டினான், சத்தம் என் பின்கழுத்தில் விழுந்தது. இப்போது என்று நினைத்தேன். விழவில்லை. டொக். தலை தானாகத் தோளுக்குள் இறங்கியது, அடி வாங்கின உடம்புக்கு இது பாடம், எங்கே விழுந்தாலும் காதைக் காப்பாற்று. டொக். சட்டம் இரண்டு விரல் இறங்கியது, கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது, அந்த வெளிச்சத்தில் ஒரு சிட்டிகை வெள்ளை மாவு பறந்து என் கைமேல் உட்கார்ந்தது. விழேன். விழாதே. விழுந்து தொலையேன், வேண்டாம், வெண்ணிலா சாயங்காலம் வருவாள், அடுப்படியில் பருப்பு ஊறவைத்தது அப்படியே இருக்கிறது, யார் வேகவைப்பது, என்ன நினைப்பு இது, பருப்பு. கம்புகளைச் சாய்த்தார்கள், சட்டத்தைக் கயிற்றில் இறக்கி ஓரமாக வைத்தார்கள். தலைக்கு மேலே கல் மட்டும் நின்றது. கலவை இல்லாமல் நின்றது. கல்லைக் கல் நெரித்துக்கொண்டு நின்றது. எனக்குத் தெரிந்ததுதானே, இத்தனை நாள் அண்ணாந்து பார்த்து நானே நினைத்ததுதானே, சுண்ணாம்பு பாதிதான், மீதி அந்த நெரிப்பு என்று. பாடம் தெரிந்தும் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன். ஆப்பு எடுத்ததும் விழும், அவன் தலையில் மட்டும் விழும் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். இது உடனே விழாது. மாவு கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும், ரயில் வந்து வந்து அதிரும், இன்றைக்கோ நாளைக்கோ தீபாவளிக் கூட்டத்திலோ ஒரு நாள் இறங்கும். கை தட்டினார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டம் நெருக்கிக்கொண்டு நின்றது. ஒரு ஆள் தோள்மேல் பிள்ளையை உட்காரவைத்திருந்தான். பிள்ளை சிங்கத்தைப் பார்த்து வாயைத் திறந்து காட்டியது.

“சூப்பர்ம்மா. வெளிய வாங்க, கயித்த அவுக்கணும்” என்றார் பிரபாகர். நான் நகரவில்லை. பயத்தில் உறைந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள். அப்படியில்லை, எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று பிரிக்கத் தெரியாத கோபம், அவன்மேல், என்மேல், கை தட்டினவர்கள்மேல், இப்படி ஒரு பாரத்தைத் தூக்கித் தலைக்கு மேலே வைத்துவிட்டு அதற்கு அழகு என்று பேர் வைத்தவன்மேல். இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தேன். “யாரும் வராதீங்க.” சத்தம் எனக்கே புதுசாக இருந்தது. சிரிப்பு நின்றது. “மேஸ்திரி, உங்க வீட்டம்மாவக் கூப்புடுங்க, வண்டி வந்துருச்சு” என்று பிரபாகர் சொன்னார். அத்தனை பேர் முன்னால் பெண்டாட்டி சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. அது ஒன்று போதும் தணிகாசலத்துக்கு. அதற்கு முன்னால் கல்லும் தெரியாது, நகத்துக்குள் இருக்கிற மாவும் தெரியாது. கயிற்றைத் தாண்டினான். “மேனா மினுக்குறியா, தேவிடியா” என்று கையை ஓங்கிக்கொண்டே வந்தான். வந்தான். வளைவுக்குக் கீழே வந்துவிட்டான். எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று எத்தனை ராத்திரி மனசுக்குள் கோடு போட்டேனோ, அதே இடத்தில்.

கை இறங்கியது. பார்த்துப் பழகின கை, எங்கிருந்து கிளம்பி எங்கே இறங்கும் என்று அவனைவிட எனக்குத்தான் தெரியும். மணிக்கட்டைப் பிடித்தேன். சட்டி சுமந்து, மணல் அள்ளி, குழியில் சுண்ணாம்பு துழாவின கைதானே இது, இதற்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்று எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போது எக்ஸ்பிரஸ் உள்ளே நுழைந்தது. தரை அதிர்ந்தது, தூண் அதிர்ந்தது, கலர் கண்ணாடிகள் கிணுகிணுத்தன, மேலேயிருந்து ஒட்டு விட்டுக்கொண்டு வெள்ளை மாவு கொட்டியது, அவன் முடியில், மீசையில், இமையில். அண்ணாந்து பார்த்தான். சாவிக்கல் ஒரு நூல் இறங்கியிருந்தது. எனக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. கையை உதறினான், நான் விடவில்லை. இழுத்தான், விடவில்லை. இப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் போதும். இரண்டு பேரும் போகட்டும். இந்த ஒரு ரயிலைக் கல் தாங்காது. அவன் இடது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னேன். “செத்த சுண்ணாம்பு. நான்தான் கலந்தேன். ஒனக்காகக் கலந்தேன்.” ரயில் சத்தத்தில் அவன் முகத்தைச் சுளித்தான், மூக்கு ஒழுகியது, “என்னா?” என்றான். “என்னா சொல்ற? கேக்கல.”

“அப்பிடித்தான் அவளும் கேக்குறா. தெனமும்.”

அது கேட்டது. கேட்டதை அவன் கண்ணில் பார்த்தேன். என்னா என்று அவன் கேட்ட அந்தக் குரலில் வெண்ணிலா சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்பாள், என்னாம்மா, இந்தப் பக்கம் வந்து சொல்லு. வந்து சொல்ல ஆள் வேண்டும். “தேசிங்கு, முட்டுக் குடு! கல்லு எறங்குது, முட்டுக் குடுடா!” நான் கத்தினதும் தேசிங்கு எதற்கு என்று கேட்கவில்லை. மரச்சட்டத்தைத் தூக்கினார்கள், சவுக்குக் கம்புகள் ஓடிவந்தன, ஆப்பு விழுந்தது, டொக், டொக், டொக். சட்டம் ஏறிக் கல்லைத் தொட்டதை என் காலடியில் உணர்ந்தேன். அதுவரைக்கும் அவன் மணிக்கட்டு என் கையில்தான் இருந்தது, குளிர்ந்து, வியர்த்து, உதறாமல். பிரபாகர் வெளுத்துப்போய் நின்றார். “என்னம்மா, என்னத்தக் கலந்தீங்க இதுல?” “செத்த சுண்ணாம்பு சார். தெரிஞ்சேதான் கலந்தேன். போலீசக் கூப்புடுறதுன்னா கூப்புடுங்க. ஆனா இவுருக்கும் தெரியும், நகத்தப் பாருங்க.” எல்லாரும் பார்த்தார்கள். தேசிங்கு பார்த்தான், பார்த்துவிட்டு இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. நான் கையை விட்டேன்.

அவன் பின்னால் நகர்ந்தான். தூணில் முதுகு இடிக்கும்வரைக்கும் நகர்ந்தான். தலையெல்லாம் வெள்ளையாக ஒரே நாளில் கிழவனாகியிருந்தான். முந்தானையை உதறிச் செருகிக்கொள்ளத்தான் கையைத் தூக்கினேன், சட்டென்று தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டான். அப்புறம் நான் சல்லடையை எடுத்தேன், சொம்பை எடுத்தேன், சட்டியைக் கவிழ்த்து வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவன் கண் கூடவே வந்தது. என் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அது அடுத்து எங்கே போகிறது என்று.